நரிக் கொலர்

அந்தக் கோட்டு எந்த மிருகத்தின் மயிரால் ஆனது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியவில்லை. ஒஸ்வால்ட் துரை பறங்கி மனிதர். மனைவி செத்துப்போனபின் பொரளை வீட்டை விற்று, தட்டுமுட்டையெல்லாம் பெட்டியில் அடித்துக்கொண்டு, அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகளிடம் கப்பலேறப் போகிறவர். அந்தப் பெட்டிகளை அடிக்கவும் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஏற்றவும் வந்த கூலியாட்களில் செபஸ்தியனும் ஒருவன். கடைசி அலுமாரியைக் காலி பண்ணும்போதுதான் கோட்டு வெளியே வந்தது. முழங்காலுக்குக் கீழே விழுகிற நீளம். கடும் கபில நிறம். கழுத்தில் மட்டும் வேறு நிறத்தில், நீள மயிரோடு பெரிய கொலர். பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பாரம்.

"என்ன மிருகம் துரை இது?" என்று கேட்டான் செபஸ்தியன்.

"என்ர நோனா லண்டன்ல வாங்கினது. விலை கூடின மிருகம் எண்டு மட்டும் தெரியும்," என்றார் துரை. "அதைப் போட்டுக்கொண்டு அவ கண்ணாடிக்கு முன்னால நிக்கிறதைத்தான் நான் கண்டிருக்கிறன். வெளியில போட்டுத் திரிய இந்த ஊர்ல எங்க குளிர்? வேணுமெண்டா நீ கொண்டு போ. பழைய சாமான் ஒண்டும் கொண்டரவேண்டாம் எண்டு மகள் சொல்லிட்டா."

செபஸ்தியன் வேண்டாமென்று சொல்லவில்லை. அவனுக்கு அருந்ததி டீச்சரின் நினைவு வந்துவிட்டது.

அருந்ததி வெள்ளவத்தைப் பிள்ளை. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் மண்டபம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. வேலை முடித்து வருகிறவர்களுக்கு அங்கே எழுத்துப் படிப்பிக்க பஸ் ஏறி வந்து போவாள். தலை நரைக்கத் தொடங்கின பிறகு செபஸ்தியன் பஸ்ஸின் போர்டை வாசிக்கப் பழகினது அவளிடம்தான். இப்போது சங்கத்துப் பெரியவர்கள் மூலம் அவளுக்கு மொஸ்கோவில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கே பனிக்காலத்தில் ஆறு கல்லாய் இறுகும், அதன்மேல் ஆட்கள் நடப்பார்கள் என்று வகுப்பில் சிரித்துக்கொண்டு சொன்னாள். செபஸ்தியன் சிரிக்கவில்லை. ஒரு தடவை மீன் ஐஸ் அறையில் வேலைக்குப் போய், பின்னேரம் விரல்களை விரிக்க முடியாமல் வந்தவன் அவன். குளிருக்கு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு, அம்மா பின்னின சுவெட்டர் ஒன்று இருக்கிறது என்றாள் அவள்.

அதனால் கோட்டைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வெள்ளவத்தைக்குப் போனான். காலி வீதியில் இறங்கி, கடலைப் பார்த்துப் போகிற ஒழுங்கை ஒன்றில் அவர்கள் வீடு. அருந்ததியின் தாய் கனகேஸ்வரி அம்மா விறாந்தையில் கதிரை போட்டு இருந்தாள். விறாந்தைக்கு ஏறப் படி இருந்தது. கடைசிப் படிக்குக் கீழே செபஸ்தியன் நிற்பான். அது யாரும் சொல்லி வந்த வழக்கமல்ல. தேத்தண்ணியும் வரும். அதற்கென்று விளிம்பு உடைந்த கோப்பை ஒன்று விறாந்தைச் சுவர்க் கட்டின்மேல் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்ததும் வெளிக்குழாயில் கழுவி, இருந்த மாதிரியே கவிழ்த்துவிட்டு வருவான்.

"என்ன செபஸ்தியன், பிணத்தைச் சுத்தின மாதிரிக் கொண்டு வாறீர்?"

"டீச்சருக்குக் கோட்டம்மா. குளிருக்கு."

விரிப்பை அவிழ்த்துக் காட்டினான். கனகேஸ்வரி அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உதென்ன?"

"மயிர்க் கோட்டு."

"அது தெரியுது. ஆரின்ர மயிர்?"

உள்ளேயிருந்து அருந்ததி ஓடிவந்து, "ஐயோ செபஸ்தியன் அண்ணை, இதெங்க பிடிச்சனீங்கள்!" என்று கையை நீட்டினாள். தாய் நீட்டின கையைத் தட்டிவிட்டாள்.

"பொறு. இந்த வீட்டில சாமி அறை இருக்கு. மாடெண்டால் உது படி ஏறாது. நாய், பூனை, பண்டி எண்டாலும் ஏறாது. மானெண்டால் வரட்டும், முனிவர்மார் இருந்தது. புலியெண்டாலும் பாதகமில்லை, சிவபெருமான் உடுத்தது."

"புலியெண்டால் வரி இருக்குமெல்லோ அம்மா. சிங்கமாயிருந்தால்?"

"சிங்கத்தை இந்த நாளையில ஆர் வீட்டுக்குள்ள விடுறது?"

அருந்ததி சிரித்துவிட்டாள். "நான் போடுற சப்பாத்து மாட்டுத்தோல்தானே. அதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

"சப்பாத்தை வாசல்ல கழட்டிறாய். கோட்டை வாசல்ல கழட்டிப்போட்டு அங்க பனிக்குள்ள நிப்பியோ?" தாய் செபஸ்தியன் பக்கம் திரும்பினாள். "குறை நினையாதையும். என்ன மிருகமெண்டு விசாரிச்சுக்கொண்டு வாரும். பிறகு பாப்பம்."

செபஸ்தியன் கோட்டைத் திரும்பச் சுற்றினான். இந்த 'பிறகு பாப்பம்' அவனுக்குப் பழக்கம். போன நத்தார்ப் பண்டிகைக்கு மனைவி இமெல்டா செய்த கேக்கைக் கொண்டுவந்து கொடுத்தபோது கனகேஸ்வரி அம்மா இரண்டு கையாலும் வாங்கி, "ஏன் உங்களுக்கு வீண் சிரமம்" என்று முகம் மலரத்தான் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் திரும்பும் வழியில், ஒழுங்கை கூட்டுகிற வெள்ளையம்மா அந்த முழுக் கேக்கையும் அதே கடுதாசியில் சுற்றியபடி பஸ் தரிப்பில் நின்றாள். "இதில முட்டை இருக்காம்" என்று அவனுக்கே ஒரு துண்டு நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான். நல்ல கேக். அன்றைக்கு இமெல்டா கேட்டதற்கு, ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள் என்று சொல்லிவைத்தான். கோட்டும் அப்படி வெள்ளையம்மாவின் கையில் போகக்கூடாது என்பதுதான் இப்போது அவன் எண்ணம். வேறொன்றும் வேண்டாம். அது படியேறி உள்ளே போகவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்த வீடுகளில் அவனுடையதும் ஒன்று. இமெல்டா கோட்டை முற்றத்து ஆணியில் கொழுவினாள். போக வர இருந்தவர்கள் எல்லாரும் அதைத் தடவிப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த மிருகத்தைச் சொன்னார்கள். ஒருத்தி பெரிய எலி என்றாள். இன்னொருவர் கடல் நாய் என்றார். பக்கத்து வீட்டு ஹியூபேட் துறைமுகத்தில் வின்ச் இழுக்கிறவன், கோயில் கூத்தில் எப்போதும் ராசா வேடம் கட்டுகிறவன். அவன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு வட்டம் வந்தான்.

"கரடி. சந்தேகமில்லை. இதைப் போட்டோடனை எனக்கே ஒருத்தனைக் கடிக்கோணும் போல கிடக்கு."

"அது நீ எப்பவும் அப்பிடித்தான்," என்றாள் இமெல்டா.

கடைசியில் இமெல்டாவே பைறோஸாவை அழைத்து வந்தாள். பைறோஸாவின் தகப்பனுக்கும் புருஷனுக்கும் கிராண்ட்பாஸில் தோல் கிட்டங்கி. உப்புப் போட்ட தோல் அடுக்குகளுக்கு இடையில் விளையாடி வளர்ந்தவள். அவள் கோட்டைத் தடவவில்லை. முதலில் மயிரைப் பிரித்து வாயால் ஊதினாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினாள்.

"மேல பார்த்து ஒண்டும் செல்லேலா. லைனிங்கக் கொஞ்சம் அவிழ்த்துத் தாங்க."

இமெல்டா பிளேட்டால் பட்டுத் துணியின் ஓரத் தையலை அறுத்தாள். உள்ளே வெள்ளைத் தோல் தெரிந்தது. பைறோஸா கையை விட்டு, தோல் தோலோடு பொருத்தியிருக்கிற தையல்களைத் தேடினாள்.

"பாருங்க, துண்டு பெரிசு. முதுகு முழுக்க ரெண்டே ரெண்டு தோல். எலி, பூனை, முயல் எண்டா கையளவு கையளவாப் பொருத்தித்தான் ஈக்கும். மாடுமில்ல. மாட்டுத்தோல் இந்தளவு துவளாது. மயிரைப் பாருங்க, மேல நேரா ஈக்குது, அடியில நெளியுது. சுருளை நிமிர்த்தி ஒட்டக் கத்தரிச்சிருக்கிறாங்க. ஒரு மயிரைப் புடுங்கி விளக்கில காட்டுங்க."

செபஸ்தியன் சுரூபத்துக்கு முன் எரிந்த விளக்கிலே ஒரு மயிரைப் பிடித்தான். சுருண்டு கருகியது. பைறோஸா முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கட குசினியில தலை பொசுக்குற வாசம். செம்மறி ஆடு. என்ட மூக்கு இதில பிசகாது."

செபஸ்தியனுக்கு நெஞ்சு ஆறியது. ஆடென்றால் சொல்லலாம். அப்போது பைறோஸா கொலரை விரலால் கோதினாள். வெளியே நீள மயிர், அடியில் பஞ்சு போல் இன்னொரு மயிர். ஒவ்வொரு நீள மயிரும் அடியில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், நுனியில் கறுப்பு.

"இது வேற. இது நரி. எங்கட காட்டு நரியில்ல, சீமை நரி."

அவள் போன பிறகு புருஷனும் மனைவியும் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏரோது ராசாவை 'அந்த நரி' என்று சேசுநாதர் சொன்னதைக் கோயிலில் வாசிக்கக் கேட்டவன் செபஸ்தியன். சுவாமியார் பிரசங்கத்தில் யாரையாவது நரி என்றால், அன்றைக்கு அந்த ஆளுக்கு நல்ல நாளாக இருந்ததில்லை. வேதக்காரனுக்கே ஆகாத நரி, கேக்கில் முட்டை இருக்கா என்று மணந்து பார்க்கிற சைவ வீட்டுக்கு ஆகுமா? இமெல்டாவுக்கும் அதே எண்ணம்தான்.

"இஞ்சருங்கோ, கழுத்தை வெட்டிவிடுவம். மிச்சம் முழுக்க ஆடுதானே."

தையலை அறுத்துக் கொலரைத் தனியாக எடுத்தாள். வெட்டின இடத்தை மடித்துத் தைத்தாள். கொலர் சும்மா கிடக்கவில்லை. ஸ்நாபக அருளப்பர் தலை வெட்டுண்ட கதையை அவர் திருநாளுக்குக் கூத்தாகப் பழகிக்கொண்டிருந்தார்கள், தலையை வெட்டச் சொல்கிற ஏரோது ஹியூபேட்தான். "ஏரோதுக்கு நரி பொருத்தம்" என்று இமெல்டா அதை அவன் தோளில் போட்டுவிட்டாள். அவனும் தலைகால் தெரியாமல் கொண்டுபோனான்.

அடுத்த ஞாயிறு செபஸ்தியன் மறுபடி கடைசிப் படிக்குக் கீழே நின்றான்.

"செம்மறி ஆடம்மா. குளிர் தேசத்துச் செம்மறி."

"ஆர் சொன்னது?"

"தோல் வியாபாரம் செய்யிற முஸ்லிம் ஆக்கள். லைனிங்கை அவிழ்த்துப் பார்த்துச் சொன்னது. மயிரை எரிச்சும் பார்த்தது."

"ஆட்டை அவையள் பிழையாச் சொல்லமாட்டினம்." கனகேஸ்வரி அம்மா யோசித்தாள். "செம்மறியெண்டால் கம்பளி. விரத நாளையிலயும் கம்பளி போர்க்கிறனாங்கள். அதுக்குத் துடக்கில்லை."

செபஸ்தியனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தோலும் சேர்ந்துதான் இருக்கம்மா."

அருந்ததி பின்னால் நின்று, பேசாமல் இருங்கோ என்று கண்ணைக் காட்டினாள். தாய் அதையும் யோசித்தாள்.

"மேளமும் தோல்தானே. கோயிலுக்குள்ள வைச்சுத்தான் அடிக்கினம்."

சொல்லிவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினாள். படியில் இறங்கி வந்தாள். அவள் இறங்கி வருவதைச் செபஸ்தியன் அன்றைக்குத்தான் கண்டான். கோட்டின் முன்பக்கத்தைத் தடவினாள், கையைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு கழுத்தைப் பிடித்தாள். இமெல்டாவின் புதுத் தையலில் விரல் நின்றது.

"இதில என்னவோ இருந்திருக்கு."

"கொலரம்மா."

"எங்க அது?"

பொய் சொல்ல நினைத்தால் சொல்லியிருக்கலாம். பழுதாய்ப்போச்சு என்றால் கதை முடிந்தது. அந்த நேரம் அவனுக்கு அது ஓடவில்லை.

"அது நரியம்மா. ஆகாதெண்டு வெட்டிப்போட்டம்."

"நரியோ?" அம்மாவின் குரல் ஏறியது. "நரியை ஏன் வெட்டினனீர்?"

செபஸ்தியன் விழித்தான்.

"வழக்குக்குப் போற நாளில எங்கட ஐயா விடியவே எழும்பி வயல் வரம்பில போய் நிப்பார், ஒரு நரியாவது கண்ணில படுதோ எண்டு. நரி முகத்தில முழிச்சிட்டுப் போனால் போன காரியம் வெல்லும். உம்மட பக்கத்தில இதெல்லாம் தெரியாதோ? ஆர் உமக்கு நரி ஆகாதெண்டது?"

"வேதத்தில..."

"உங்கட வேதத்தை நீங்கள் வைச்சிருங்கோ. என்ர பிள்ளை ஆருமில்லாத தேசத்துக்குப் போறாள். விடிய எழும்பி, உதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தால் முதல் நரி தெரியோணும். அதைவிட என்ன வேணும்?"

"அம்மா, அது நரிட முகமில்லை. முதுகோ வாலோ, ஆருக்குத் தெரியும்!" என்றாள் அருந்ததி.

"முதுகில முழிச்சால் வெல்லாதெண்டு ஆர் கண்டது? நீ சும்மா இரு." திரும்பவும் செபஸ்தியனிடம் வந்தாள். "கொலரைக் கொண்டு வாரும். அது இல்லாமல் எனக்கு உது வேண்டாம். வாற கிழமை இவள் போறாள்."

கோட்டு மறுபடியும் விரிப்புக்குள் போனது. பஸ்ஸில் கொண்டக்டர், "அய்யே, ஒய மினியட்டத் டிக்கட் கன்ன ஓனே" என்றான். உள்ளே பிணமில்லை, ஆடுதான் என்று செபஸ்தியன் சிங்களத்தில் சொன்னான். ஆட்டுக்கும் டிக்கட் உண்டு என்றான் கொண்டக்டர்.

இமெல்டாவிடம் கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் பின்னேரம் அவன் போனபோது, சங்க மண்டபத்துக்குப் பின்னால் கூத்துப் பழக்கம் நடந்துகொண்டிருந்தது. ஹியூபேட் சிவப்பு அங்கியில் சிம்மாசனத்தில் இருந்தான். கொலரின் ஓரம் முழுக்கப் பொன் தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தான். தூரத்திலிருந்து பார்க்க நிசமான ராசாதான்.

"மச்சான், கொலரைத் திருப்பித் தா."

"என்ன கதை இது? ராச உடுப்பில கை வைக்கிறியோ?"

"வெள்ளவத்தை அம்மா கேக்கிறா. அது இல்லாட்டில் கோட்டு வேண்டாமாம்."

"வேண்டாமெண்டால் விடு. அந்த அம்மாவுக்கு நீ ஏன் இந்த ஓட்டம் ஓடுறாய்? படியில ஏத்தினவவோ உன்னை?"

"டீச்சருக்குத்தான்," என்றான் செபஸ்தியன்.

ஹியூபேட்டும் அந்த வகுப்பில் இருந்து எழுந்தவன்தான். கையெழுத்துப் போடப் பழகின நாளில் சங்கத்துச் சுவரிலேயே போட்டுப் பார்த்து ஏச்சு வாங்கினவன். அவன் கொலரைத் தடவினான்.

"அருளப்பர்ர தலையைக் கேள், தட்டில வைச்சுத் தாறன். இதைக் கேளாதை."

அதற்குள் இமெல்டா வந்துவிட்டாள். துறைமுகத்தில் உடைந்த தென்னந்தும்புச் சிப்பத்திலிருந்து செபஸ்தியன் முன்பு கொண்டுவந்த தும்பு வீட்டில் கிடந்தது. அதைச் சாயத்தில் முக்கி, பழைய துணியில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராசாவின் கழுத்தில் இருந்ததைக் கழற்றி, இதை மாட்டிவிட்டாள்.

"ஏரோதுக்கு இது போதும். புழுத்துச் சாகப்போறவனுக்கு நரியோ கேக்குது?"

அந்தக் கூத்தைப் பற்றிப் பிறகும் கனநாள் கொட்டாஞ்சேனையில் கதைத்தார்கள். தலையை வெட்டச் சொல்லிவிட்டு ஏரோது கழுத்தைச் சொறிந்த சொறியைப் பார்த்து, பாவம் செய்தவனின் மனம் அரிக்கிறதை ஹியூபேட் போல ஒருத்தன் நடிக்கமாட்டான் என்று சுவாமியாரே சொன்னார். தும்பு கடித்த தழும்பு அவனுக்கு நெடுநாள் மாறவில்லை.

செபஸ்தியன் கொலரையும் கோட்டையும் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனது அருந்ததி பயணப்படுகிறதற்கு முதல் நாள் பின்னேரம். வீடு நிறையச் சனம். பெட்டிக் கயிறு, ஊறுகாய்ப் போத்தல், மிளகாய்த்தூள் பொட்டலம் எல்லாம் விறாந்தை வரை வந்து கிடந்தன. கனகேஸ்வரி அம்மா எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஊசியும் நூலும் எடுத்து வந்தாள்.

"இமெல்டா தைச்சுத் தாறனெண்டவ," என்றான் செபஸ்தியன்.

"வேண்டாம். நானே தைக்கிறன்."

பசையில் ஒட்டின பொன் தாள் முழுக்க உரியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மயிர்களுக்கு இடையில் அங்கங்கே துணுக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன. "உது என்ன?" என்று கேட்டாள். கூத்தில் ராசா போட்டது என்றான். எந்த ராசா என்று அவள் கேட்கவில்லை. "ராசா போட்டதெண்டால் நல்லதுதான்" என்றாள். செபஸ்தியன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

கோட்டின் பாரம் மடியில் நிற்காமல் சரிந்தது.

"அந்தப் பக்கத்தைப் பிடியும்."

அவன் கீழே நின்றபடி கோட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்தான். மேலே கதிரையில் இருந்தபடி அவள் கழுத்தைத் தைத்தாள். தையல் இழுபடும்போதெல்லாம் அந்த இழுவை அவன் கைக்கு வந்தது. கெட்டித் தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு கோட்டைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்தாள். உடைந்த கோப்பையில் அல்ல, வந்த சனத்துக்குக் கொடுக்கிற பூப்போட்ட கோப்பையில்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. எல்லாரும் இருக்கினம்."

"நேரம் போச்சு டீச்சர். ராவில வேலைக்கு நிக்கோணும்."

அவனுக்கு அன்றிரவு வேலையில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கலாம். அவள் வற்புறுத்தவில்லை. "போய் எழுதுவன். நீங்களே வாசிக்கோணும், ஆரையும் கேக்கக்கூடாது," என்றாள். உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அவன் நின்ற இடத்திலேயே குடித்தான். குழாயில் கோப்பையைக் கழுவினான். அதை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது. சுவர்க் கட்டின்மேல் உடைந்த கோப்பை வழக்கம் போலக் கவிழ்ந்து கிடந்தது. பூப்போட்டதற்கு இடம் உள்ளே. கொஞ்சம் யோசித்துவிட்டு, உடைந்ததற்குப் பக்கத்திலேயே அதையும் கவிழ்த்து வைத்தான்.

படலையைச் சாத்தத் திரும்பினபோது கதவு திறந்தே இருந்தது. சாமி அறை வாசலில் ஓர் ஆணியில் கோட்டுத் தொங்கியது. கொலரில் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்திருந்தாள் அம்மா. பொன் தாளின் துணுக்கு ஒன்று குத்துவிளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்றது. பார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினான். ஒழுங்கை முனையில் வெள்ளையம்மா விளக்குமாற்றோடு நின்றாள். அவள் கையில் வேறொன்றும் இல்லை.